வேலியா, கயிறா? கம்பெனி நடத்துகிறவர்களும் வேலை செய்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் செக்கிங் டேபிளில் ஆரம்பித்து புரொடக்‌ஷன் மேனேஜர் வரை வந்தவன் நான். இப்போது கோவை, ஈரோடு, கரூர் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு நிர்வாகத்தைச் சீர்செய்து கொடுக்கிறேன். இருபது பேர் முதல் முந்நூறு பேர் வரை வேலை செய்யும் இடங்கள். எங்கே போனாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: ஆட்களை எவ்வளவு விடுவது, எவ்வளவு பிடிப்பது. வந்த கேள்விகளை வந்த வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறேன். முதலாளிகள் கேட்டதும் உண்டு, டெய்லர்கள் கேட்டதும் உண்டு.

“விட்டா ஏறி உட்கார்ந்துக்கறாங்க, புடிச்சா அடுத்த கம்பெனிக்கு ஓடிப் போயிடறாங்க. நடுவுல எங்கீங்க நிக்கிறது?”

நடுவில் நிற்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

காங்கேயம், தாராபுரம் பக்கம் போனவர்கள் கொறங்காடு பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் பொழுது சாய்கிற வரைக்கும் மேய்க்க ஆள் தேவையில்லை. எந்தப் புல்லை முதலில் கடிக்க வேண்டும் என்று யாரும் மாட்டுக்குச் சொல்வதில்லை. ஆனால் வேலியில் ஒரு சந்து விழுந்தால் அன்றைக்கே அடைத்துவிடுவார்கள். அதே மாட்டை ரோட்டோரம் முளையடித்துக் கயிற்றில் கட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் போய் மாற்றிக் கட்ட வேண்டும். கட்டுண்டு கிடப்பது மாடு மட்டுமில்லை.

இந்த உதாரணத்தைச் சொன்னபோது ஒரு தம்பி, “எங்களை மாடுங்கறீங்களா?” என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். மனிதருக்கு வேலி எங்கே என்று முன்கூட்டியே சொல்லலாம், ஏன் அங்கே என்றும் சொல்லலாம். “இதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க” என்று அவர் திருப்பிக் கேட்கவும் இடம் உண்டு. நம் பக்கத்துக் கம்பெனிகளில் அதுதான் நடப்பதில்லை. ஆள் போய் முட்டுவார், திட்டு விழும், அப்புறம்தான் அங்கே ஒரு வேலி இருந்த சங்கதியே தெரியும். கட்டுப்பாடு கூடிப் போச்சு என்று புலம்புகிற பல இடங்களில் உண்மையில் கட்டுப்பாடே இல்லை. முதலாளியின் அன்றைய மனநிலைதான் இருக்கிறது.

“எதை நம்ம கையில வெச்சுக்கறது, எதை விடறது? ஒரு கணக்குச் சொல்லுங்க.”

தப்பு நடந்தால் திருத்த முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் விடுங்கள். முடியாது என்றால் பிடியுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

பனியன் கம்பெனியில் தையல் பிரித்துத் தைக்கலாம். அயர்ன் மறுபடி போடலாம். வெட்டின துணி ஒட்டாது. ஆகவே கட்டிங் டேபிளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். லைனில் எந்த ஓவர்லாக் மெஷினை எங்கே போடுவது, யாரை எந்த ஆபரேஷனில் உட்கார வைப்பது என்பதெல்லாம் சூப்பர்வைசர் பாடு.

இதை நான் தலைகீழாகச் செய்து கற்றுக்கொண்டேன். மேனேஜரான புதிதில் நூல் கோன் எடுப்பதற்குக்கூட என் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருந்தேன். டீக்கடை பில்லும் என் டேபிளுக்குத்தான் வரும். ஒரு நாள் அந்தச் சீட்டுக் கட்டுகளுக்கு நடுவே கட்டிங் சீட்டு ஒன்று வந்தது. பாராமல் கையெழுத்துப் போட்டேன். பழைய ஆர்டரின் சைஸ் ரேஷியோ, அதாவது எந்த சைஸ் எத்தனை என்ற கணக்கு, அதில் இருந்தது. பெரிய சைஸ் வர வேண்டிய துணியெல்லாம் சின்ன சைஸாக விழுந்துவிட்டது. சின்னதாக வெட்டினதைப் பெரிதாக்க எந்த மாஸ்டராலும் முடியாது. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்த நான், பிடிக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

அடுத்த கேள்வி, தப்பின் சுமை யார் தலையில் விழும்? நம் ஊர் இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வால்வைத் திறப்பதா வேண்டாமா என்பதை ஷிப்ட் ஆளின் மனசாட்சிக்கு விடக் கூடாது. ‘டேங்க் நிறைஞ்சிருச்சு, பாத்துச் செய்யி’ என்று முதலாளி சொல்வதற்கும் இடம் இருக்கக் கூடாது. அந்த வேலி இரண்டு பேருக்கும்தான்.

“அப்ப ஆபத்தான இடத்துல எல்லாம் மொதலாளி வெச்சதுதான் சட்டமுங்களா?”

அங்கேதான் கடைசி ஆளுக்கு அதிக உரிமை வேண்டும். டொயோட்டா கார் தொழிற்சாலையில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம். மேலாள் ஓடி வருவார், சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஏற்பாடு இது.

இரும்பு வார்க்கும் கோவை ஃபவுண்டரிகளில் இதன் அவசியம் இன்னும் கூர்மை. உருகின இரும்பில் ஈரமான ஸ்கிராப், அதாவது பழைய இரும்பு, விழுந்தால் தண்ணீர் நொடியில் ஆவியாகி உலோகத்தைத் தூக்கி அடிக்கும். மழை நாளில் ஸ்கிராப் ஈரமாக இருப்பது முதலில் தெரிவது அதை அள்ளுகிற ஹெல்ப்பருக்கு, முதலாளிக்கு இல்லை. “நிறுத்துங்கண்ணா” என்று அவர் சொன்னால் நிற்க வேண்டும். தப்பாகச் சொல்லி அரை மணி நேரம் வீணானாலும் அன்றைக்கு அவரைத் திட்டக் கூடாது. ஒரு தடவை திட்டினால் போதும், அடுத்த மழைக்கு அவர் வாயைத் திறக்க மாட்டார்.

“நான் ஒரு நாள் இல்லீன்னாலும் ஒண்ணும் நடக்க மாட்டீங்குது. பழனிக்குப் போயிட்டு நிம்மதியாச் சாமி கும்பிட முடியலை.”

திருச்செங்கோட்டுக்காரர்களிடம் கேளுங்கள். அந்த ஊர் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா பூராவும் ஓடுகின்றன. வண்டி வடநாட்டில் ஏதோ ஒரு காட்டில் நிற்கும். முதலாளி இங்கே வீட்டுத் திண்ணையில் இருப்பார். எப்போது தூங்கினார்கள், எத்தனை தரம் டீ குடித்தார்கள் என்று அவரால் பார்க்க முடியாது. அந்தக் கேள்வியும் அவருக்கு வேண்டியதில்லை. எத்தனை அடி ஓட்டினது, கேசிங் குழாய் எத்தனை அடி, டீசல் எவ்வளவு, துளைக்கிற பிட் எத்தனை துளைக்குத் தாங்கினது. இவைதான் அவருக்கு வேண்டும். ராடு எண்ணினால் ஆழம் தெரிந்துவிடும், பொய் சொல்ல அதிக இடமில்லை. எந்த ஊருக்குப் போவது, எந்தப் பாயிண்டை முதலில் போடுவது, ரேட்டில் எவ்வளவு இறங்கலாம் என்பதெல்லாம் வண்டியில் இருக்கும் மேனேஜரின் முடிவு.

இப்படி நாலு எண்ணை வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் லட்சக்கணக்கில் பெறும் வண்டியை நம்பி விடுகிறார்கள். நீங்கள் நாற்பது அடி தூரத்தில் இருக்கிற டெய்லரை விட முடியவில்லை என்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. திருப்பூரில் பல முதலாளிகள் காட்டு வேலையிலிருந்து வந்து, மெஷினில் உட்கார்ந்து, அப்புறம் நாலு மெஷின் போட்டவர்கள். கை வேலை தெரியும். தெரிந்த கை சும்மா இருக்காது. அடுத்தவர் தைப்பதைப் பார்த்தால் “தள்ளு, நான் காட்டறேன்” என்று உட்கார்ந்துவிடுவார்கள். அது பெருமையான குணம், மறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டினதில் டெய்லர் கற்றுக்கொண்டது தையலை இல்லை, எழுந்து ஒதுங்கி நிற்பதை.

பழனிக்குப் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் எது நடக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் நீங்கள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிற அதிகாரங்களின் பட்டியல்.

“சிசிடிவி போடலாமுங்களா?”

கேட், ஸ்டோர், பேனல் போர்டு, கட்டிங் டேபிள். போடுங்கள். பொருளையும் ஆபத்தையும் பார்க்கிற கேமரா தப்பில்லை.

முகத்தைப் பார்க்கிற கேமராதான் கெடுதல். ஒரு இடத்தில் முதலாளி செல்போனில் ஃப்ளோரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் வரும்: “அந்த மூணாவது லைன் அம்மிணி ஏன் எந்திரிச்சு நிக்குது?” பாபின் மாற்ற எழுந்திருக்கும், பாவம். கொஞ்ச நாளில் அங்கே எல்லோரும் கேமராவுக்கு வேலை செய்யக் கற்றுக்கொண்டார்கள். துணி இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும்.

டக்ளஸ் மக்ரிகர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் இதைப் பற்றி எழுதினார். ஆள் இயல்பிலேயே சோம்பேறி என்று நினைப்பவர் ஒருவிதமாக நடத்துவார், வேலையில் ஈடுபாடு மனிதருக்கு இயல்பு என்று நினைப்பவர் வேறுவிதமாக நடத்துவார், ஆட்களும் நடத்தப்படுகிற விதத்துக்கு ஏற்ப மாறுவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். கேமரா வைத்தவர் கடைசியில் சோம்பேறிகளைத்தான் கண்டுபிடித்தார், அவரே செய்த சோம்பேறிகளை.

“செல்போன்?”

மெஷினில் கை இருக்கும்போது வேண்டாம். அவசரத்துக்கு வீட்டிலிருந்து கூப்பிட ஆபீஸ் நம்பர் ஒன்று கொடுங்கள், கூப்பிட்டால் எடுங்கள். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

“பீஸ் ரேட் குடுத்துட்டா அவங்கவங்க வேகம், அவங்கவங்க காசு. அதுதானுங்களே முழுச் சுதந்திரம்?”

பாதி உண்மை. பத்து மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போகிற சுதந்திரம், தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற பீஸ் ரேட் டெய்லருக்கு உண்டு. ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் போய்விடும். முக்கியமானது, துணி வரத் தாமதமானால் என்ன ஆகும்? சும்மா உட்கார்ந்திருப்பார், காசு இல்லை. சாயப்பட்டறையில் நடந்த தாமதத்துக்கு டெய்லர் தண்டம் கட்டுகிறார். தன் கையில் இல்லாத ஒன்றுக்கான நஷ்டத்தைச் சுமப்பதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்துவிட்டோம். வெயிட்டிங்குக்கு ஒரு தொகை பேசி வையுங்கள். செக்கிங்கையும் கடைசியில் வைக்காதீர்கள். சனிக்கிழமை சம்பளக் கணக்குப் பார்க்கும்போது போன திங்கட்கிழமைப் பீஸை ரிஜெக்ட் என்று எடுத்துப் போட்டால், அது சண்டைக்கு அழைப்பு.

“நம்ம கம்பெனியில நாலு பங்காளி. அண்ணன், தம்பி, மச்சான், மச்சானோட சித்தப்பா பையன். ஆளுங்க யார் சொன்னதைக் கேக்கறது?”

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. ஃபைனான்ஸ் ஒருவர், பையரிடம் பேசுவது ஒருவர், புரொடக்‌ஷன் ஒருவர் என்று வாய்ப் பேச்சில் பிரித்திருப்பார்கள். ஃப்ளோருக்கு வந்தால் நாலு பேரும் முதலாளிதான். காலையில் அண்ணன் “இந்த ஸ்டைலை முதல்ல முடி” என்பார். மத்தியானம் மச்சான் “அதை எடுத்து வெச்சுட்டு இதைப் போடு” என்பார். சூப்பர்வைசர் இரண்டு பேருக்கும் “சரிங்க” சொல்வார். நம் ‘ங்க’ இருக்கிறதே, அதைப் போல ஆளை ஏமாற்றுகிற மரியாதை இல்லை. சம்மதம் என்றும் அர்த்தம், கேட்டுக்கொண்டேன் என்றும் அர்த்தம், செய்ய மாட்டேன் என்றும் அர்த்தம்.

இங்கே ஆட்களுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்னால் முதலாளிகளுக்கு வேலி போட வேண்டும். ஒரு விஷயத்துக்கு ஒரே வாய். மற்ற மூவருக்கும் மாற்றுக் கருத்து இருந்தால் அந்த ஒருவரிடம் சொல்லலாம், ஃப்ளோரில் சொல்லக் கூடாது. ஆட்கள் முன்னால் ஒரு பங்காளியின் உத்தரவை இன்னொருவர் ரத்து செய்தால், அன்று ராத்திரி வீட்டுப் பெண்கள் வரைக்கும் அந்தச் செய்தி போய்விடும்.

படித்துவிட்டு வரும் மகன், மகள் கதை தனி. ‘சின்ன மொதலாளி’க்கு நாற்காலி போட்டு, கார் சாவி கொடுத்து, ஒரு முடிவும் எடுக்க விடாமல் வைத்திருப்பார்கள். ஐந்து வருஷம் கழித்து, ‘பையனுக்குப் பொறுப்பே இல்லீங்க’ என்பார்கள். எட்டு மெஷினோடு ஒரு சாம்பிள் யூனிட்டைக் கொடுத்து, இத்தனை ரூபாய் வரைக்கும் நஷ்டமானாலும் கேட்க மாட்டேன் என்று தொகை சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். ஒதுங்குவதுதான் கஷ்டம்.

“நாங்க சரவணம்பட்டியில சாஃப்ட்வேர் கம்பெனி. மேல் கீழ் எதுவும் வேண்டாம், எல்லாரும் சமம்னு வெச்சிருக்கோம். ஆனா எதுவும் முடிவாக மாட்டேங்குது.”

பெரிய இடங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. செருப்பு விற்கும் அமெரிக்க நிறுவனமான ஜாப்போஸ், மேனேஜர் பதவிகளை எடுத்துவிட்டு ஹோலாக்ரசி என்ற முறைக்குப் போனது. 2015-இல், இது ஒத்துவராதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம் என்றதும் 200-க்கும் மேற்பட்டவர்கள் விலகினார்கள். பிற்பாடு நிறுவனமும் அந்த முறையை மெல்லத் தளர்த்திக்கொண்டது.

படிநிலையை எடுத்தால் அதிகாரம் காணாமல் போகாது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும். முதலாளியோடு ஒரே காலேஜ், ஒரே ஊர், சாயங்காலம் ஒன்றாக பேட்மிண்டன். முடிவு அங்கே எடுக்கப்படும். மதுரையிலிருந்து புதிதாக வந்த பெண்ணுக்கு அந்தக் கோர்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நிறுவனப் படத்தில் பெட்டியும் கோடும் போட்டிருந்தால், குறைந்தபட்சம் யாரிடம் சண்டை போடுவது என்றாவது தெரியும்.

வீட்டிலிருந்து வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன ரிக் வண்டிப் பதில்தான்: முடிந்த வேலையை எண்ணுங்கள், ஆளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

“மில் ஹாஸ்டல்ல பொண்ணுங்களை வெளியில விடறதில்லை. பெத்தவங்களே அப்படித்தான் கேக்கறாங்க. அதுலயும் தப்பாங்க?”

இதில் நான் நயமாகப் பேச விரும்பவில்லை.

‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரை மறந்திருக்க மாட்டீர்கள். நூற்பாலைகளில் சின்னப் பெண்களை மூன்று வருஷம் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு. இடையில் உடம்பு முடியாமல் போனால், வீட்டுக்குப் போனால், அந்தத் தொகைக்கு உத்தரவாதம் இல்லை. அவள் உழைத்த காசே அவளைக் கட்டுகிற கயிறு. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

பெற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை, வெளியூரில் பெண்ணை விட்டுவிட்டு ராத்திரி தூங்க வேண்டுமே. ஆனால் பதினெட்டு வயதான ஒரு தொழிலாளி உங்களோடு ஒப்பந்தம் செய்திருக்கிறாள், அவள் அப்பா செய்யவில்லை. மாதச் சம்பளம் மாதாமாதம் அவள் பெயர் வங்கிக் கணக்கில், ஏ.டி.எம். கார்டு அவள் கையில். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டாம், போகிற இடமும் திரும்புகிற நேரமும் ரிஜிஸ்டரில் எழுதினால் போதும். வார்டன் அவளுடைய போனை வாங்கி வைக்கக் கூடாது. கேட்டில் பூட்டு வெளி ஆள் உள்ளே வராமல் இருக்க, உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் இருக்க இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கு உள் குழு வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் என்று ஹாஸ்டல் சுவரில் தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் ஒட்டுங்கள். பூட்டைவிடப் பெரிய பாதுகாப்பு அது.

“வடக்கத்தி ஆளுங்க? பாஷையே தெரியாது, எப்படி விடறது?”

உங்களுக்கு அவர் பாஷை தெரியாது என்பதால் எல்லாவற்றையும் கான்ட்ராக்டர் கையில் விட்டிருக்கிறீர்கள். அங்கே சுதந்திரம் கான்ட்ராக்டருக்குத்தான். சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ‘பயப்படாதீங்க’ என்று ஆட்களிடம் நேரடியாகச் சொல்ல ஒரு வார்த்தை ஹிந்திகூட இல்லாமல் எத்தனை முதலாளிகள் கை பிசைந்து நின்றார்கள் என்பதைப் பார்த்தேன். அவர்களுக்குள்ளேயே ஒருவரை லைன் லீடராக்குங்கள். ஆறு மாதத்தில் அவர் உங்களைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவார்.

“சட்டத்துல இதுக்கெல்லாம் இடம் இருக்குங்களா?”

சில வேலிகள் உங்கள் இஷ்டத்தில் இல்லை. வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரலில் தினமும் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது, எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது.

எனக்குப் பிடித்தது 2021-இல் வந்த திருத்தம். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டது. ஜவுளிக் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்ற பெண்களின் காலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். உட்காருவதற்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

“நான் மெர்ச்சண்டைசர், ஆர்டர் வேலையைப் பாத்துக்கற ஆளு. மொதலாளி ‘உன் இஷ்டம் கண்ணு, நீயே பாத்துக்கோ’ங்கறாரு. முடிவு எடுத்தா ‘யாரைக் கேட்டு எடுத்தே?’ங்கறாரு. என்ன பண்றது?”

‘உன் இஷ்டம்’ என்ற வார்த்தையை ஒருபோதும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப்: “அண்ணா, பட்டன் ரேட் இவ்வளவு வரைக்கும் நானே முடிச்சுக்கறேன், மேல போனா உங்களைக் கேக்கறேன். சரிங்களா?” அவர் கட்டைவிரலைப் போட்டால் வேலி நட்டாயிற்று. எல்லையைத் தாண்டாமல் பத்துத் தடவை செய்து காட்டுங்கள், பிறகு தொகையைக் கூட்டிக் கேளுங்கள். கட்டைவிரல் போட்ட பிறகும் திட்டுகிறவர் என்றால், வேறு கம்பெனி பாருங்கள். திருப்பூரில் கம்பெனிக்குப் பஞ்சமில்லை.

“மாதிரிக்கு ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

அறுபது பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டுக்கு ஒரே தாளில் எழுதிக் கொடுத்தது இது. கட்டிங்குக்கு மாஸ்டரும் மேனேஜரும் கையெழுத்து. லைனில் ஆள் மாற்றுவது சூப்பர்வைசர், யாரும் கேட்க வேண்டாம். ரிப்பேர் செலவு 3,000 ரூபாய் வரை மெக்கானிக்கே செய்யலாம், பில் மட்டும் வேண்டும். ஷாக் அடிக்கிறது, புகை வருகிறது என்றால் யார் வேண்டுமானாலும் மெயினை அணைக்கலாம். லீவு முந்தின நாள் சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். சம்பளத்தில் பிடித்தம் இருந்தால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட வேண்டும்.

அதைத் தண்ணீர் கேன் பக்கத்தில் ஒட்டினார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, தாளின் அடியில் யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: “டீ நேரத்தில் புரொடக்‌ஷன் கேட்கக் கூடாது.” முதலாளி அதைக் கிழிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.